கனகாம்பாள் வீட்டில் என் மகள், என் வீட்டில் அவர் மகள்

சேசு மரி சூசை

மஞ்சக்குப்பம், கடலூர்.
தவக்காலத்து வியாழக்கிழமை, மத்தியானம்.

அன்பும் மரியாதையும் உள்ள தேவசகாயம் அண்ணனுக்குத் தங்கை ஜான்சி தோத்திரம் சொல்லி எழுதுவது. திட்டக்குடியில் உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சர்க்கரையும் அடங்கி ஒடுங்கி இருக்க வேண்டுமென்று காலை ஜெபத்தில் தவறாமல் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே உங்கள் மச்சான் சுகம், வீடு வாசல் சுகம். என் சுகத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். சமையலில் உப்பு போட்டேனா இல்லையா என்று தெரியாமல் நாலு நாளாக நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். முடியாது அண்ணன். வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நான் தும்மிவிட்டு "சேசுவே" என்றால்கூட, எதற்குச் சொன்னீர்கள், யார் சொல்லிக்கொடுத்தது, சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். இப்போது அவள் மாடியில் துணி காயப்போடுகிறாள். அவள் இறங்குவதற்குள் முடிந்தவரை எழுதிவிடுகிறேன்.

நம் அறிவுமதி பல்கலைக்கழகத்தில் சமயமும் அறநெறியும் என்ற எம்.ஏ. சேர்ந்தபோது, "கணக்குப் பாடம் எடுக்கட்டும், பேங்க் பரீட்சை எழுதட்டும்" என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். "படிக்கட்டும் விடும்மா, சாமியப் பத்திதானே படிக்கப் போவுது, கெட்டா போயிரும்" என்று சொன்னது நீங்கள். அதை இப்போது குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது நீங்கள். இந்தப் படிப்பில் கடைசிப் பருவத்தில் களப்பணி என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வேறு மதத்துக்காரர் வீட்டில் போய்த் தங்கி, அவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்து அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை இல்லையென்றால் டிகிரி இல்லை. பேராசிரியர் பாலகுமார் என்பவர் பிள்ளைகளை ஜோடி சேர்த்தார். நம் அறிவுக்கு ஜோடி ஸ்ரீமதி. சிதம்பரம் கீழவீதியில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் அம்பலம் என்பவரின் மகள். கோயில் மணி அடித்தால் அவர்கள் வீட்டுச் சொம்பு அதிருமாம், அவ்வளவு பக்கம். சிவராத்திரிக்கு முதல் நாள் எங்கள் பெண் அங்கே போனாள், அவர்கள் பெண் இங்கே வந்தாள். வேப்பூர் சந்தையில் ஆடு மாற்றுகிற மாதிரி பஸ் ஸ்டாண்டில் வைத்து மாற்றிக்கொண்டோம்.

என் பயத்தை உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. பெற்றது ஒன்றே ஒன்று. அது அங்கே போய் தீபம், மணி, சந்தன வாசனை என்று மனசைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, என் பக்கத்தில் முழங்கால்போட்டு ஜெபமாலை சொல்லும்போது வாய் மட்டும் அசைந்து மனசு அசையாவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில் அன்று சாயந்திரமே ஸ்ரீமதியின் அம்மாவுக்குப் போன் போட்டேன். பேர் கனகாம்பாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"அறிவம்மாவா? உங்களுக்குத்தான் போன் பண்ண எடுத்தேன். என் பொண்ணு சின்ன வயசுலேர்ந்து பாட்டு கேட்டா சொக்கிப் போயிரும். உங்க கோயில்ல பாட்டு ஜாஸ்தின்னு சொல்றாங்க. கொஞ்சம் பாத்துக்குங்க."

"என் பொண்ணும் அப்படித்தாங்க. நீங்க பாத்துக்கிட்டா நானும் பாத்துக்கறேன்" என்றேன்.

வினை அங்கேதான் பிடித்தது. பால்காரம்மாவுக்கும் எனக்கும் ஒருநாளும் கணக்கில் பேச்சு வந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதே பழக்கத்தில் இதையும் வரவு செலவாக நடத்த ஆரம்பித்துவிட்டேன். அங்கே அறிவு சாயந்திரம் ஜெபமாலை சொன்னால் இங்கே ஸ்ரீமதி விளக்கேற்ற வேண்டும். அங்கே அவள் கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியம் இருந்தால் இங்கே இவள் நெற்றியில் திருநீறு இருக்க வேண்டும். அந்தப் பெண்ணோ, "ஆன்ட்டி, நான் வீட்டுலயே தெனம் பூச மாட்டேன்" என்கிறது. "அதெல்லாம் உங்க வீட்டுல. என் வீட்டுல இருக்கற வரைக்கும் பூசித்தான் ஆவணும்" என்று நானே பிடித்து வைத்துப் பூசுகிறேன். மரியாயின் சேனை ஜெபக்கூட்டத்தில் இத்தனை காலம் இருந்த கை அண்ணன் இது! காலையில் குளித்துவிட்டுத் திருநீற்றுப் பையைத் தேடுகிறது.

அங்கே கதை இதைவிட மோசம். சிவராத்திரியன்று ஊரே கோயிலில் நிற்க, கனகாம்பாள் வீட்டார் நம் பெண்ணை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். "பயப்படாதீங்க, வாசப்படி தாண்டல, கையில ஜெபமாலயக் குடுத்துட்டுத்தான் போனேன்" என்று எனக்கு நல்ல செய்தி சொல்கிறார். அதைப் பார்க்கத்தானே பாவி மகள் அங்கே போனாள்! அழுதிருக்கிறாள். தினமும் சாயந்திரம் அவளை உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்லச் சொல்லி, எனக்குச் சாட்சி சொல்ல வேண்டுமென்று கனகாம்பாள் எதிரிலேயே உட்கார்ந்து கேட்கிறார். ஒருநாள் போனில் கொஞ்சம் சங்கடமாகச் சொன்னார்: "அறிவம்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க பொண்ணு நாலாவது பத்துல ரெண்டு மணியத் தாண்டிட்டா. நாந்தான் நிறுத்தித் திருப்பிச் சொல்ல வச்சேன்." நன்றி சொல்வதா, சண்டை போடுவதா என்று தெரியாமல், "சாப்டீங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

உங்கள் மச்சானை வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்ரீமதி சைவம் என்பதால் வீட்டில் கருவாட்டைக்கூட ஏறக்கட்டிவிட்டேன். அந்தப் பெண், "ஆன்ட்டி, கிறிஸ்தவ வீட்டுல வெள்ளிக்கிழமை மட்டுந்தான் கறி கெடையாதுன்னு படிச்சேனே, இங்க தெனமும் வெள்ளிக்கிழமையா இருக்குதே" என்று எழுதிக்கொள்கிறது. இவரோ தேவனாம்பட்டினம் பக்கம் காற்று வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, மீன் வறுவல் தின்ற விரலை முகர்ந்தபடி திரும்பி வருகிறார். நான் புலம்பினால், "நீங்க ரெண்டு பேரும் பொண்ணுங்களக் காவக் காக்கறீங்களா, சாமிங்களக் காவக் காக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போடுகிறார்.

இப்படி ஒருமாதிரி சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்த கணக்கு, திருநீற்றுப் புதனன்று கவிழ்ந்தது. அன்று நான் பூசைக்குப் போக வேண்டும். இவளை வீட்டில் தனியாக விட்டால் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் வந்து வாயைக் கிளறுவாள். அதனால் கூடவே கூட்டிப் போய், கோயில் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, கையில் குடையைக் கொடுத்து, "உள்ள மட்டும் வந்துராத தாயி" என்று சொல்லிவிட்டுப் போனேன். நெற்றியில் காலையில் நான் பூசின திருநீறு. பூசை முடிந்து நாங்கள் எல்லோரும் நெற்றியில் பாதர் போட்ட சாம்பல் சிலுவையோடு வெளியே வருகிறோம். சவரியம்மாள் நேராக இவளிடம் போனாள். "புதுசா சேந்த பொண்ணா? அழகா இருக்கியேம்மா. ஞானஸ்நானம் ஈஸ்டருக்கா?" என்று கேட்டாள். இந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்ல வராது, அறநெறி படிக்கிறது இல்லையா. "இன்னும் முடிவாகல ஆன்ட்டி, களப்பணியா வந்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறது. சவரியம்மாளுக்கு முதல் பாதி மட்டும் போதும். இதற்கு மேல், ஸ்ரீமதி கேட்டுக்கு முன்னால் தன்னைத்தானே ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். பின்னால் கோபுரத்தில் சிலுவை, முன்னால் நெற்றியில் சாம்பல்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடிக்கிறது.

"என்ன அறிவம்மா, பூசிட்டீங்களா?" என்றார் கனகாம்பாள். "நம்பித்தானே அனுப்புனேன்? நான் உங்க பொண்ண சிவராத்திரிக்குக்கூட கோயிலுக்குக் கூட்டிப் போகல. சரி, ஆகட்டும். எங்க கடையில ருத்திராட்சம் இருக்குது. நல்ல பெரிய மணியா எடுத்து இப்பவே உங்க பொண்ணு கழுத்துல போடறேன்."

"ஐயோ, அவசரப்படாதீங்க! அது காலையில நானே பூசிவிட்ட உங்க திருநீறுங்க!"

"போட்டோவுல வெள்ளையாத் தெரியுது, வேறென்ன தெரியுது?"

வீடியோ போட்டேன். ஸ்ரீமதியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து போனை நெற்றிக்குக் கிட்டே கொண்டுபோனேன். "பாருங்க, நல்லாப் பாருங்க. படுக்கையா மூணு கோடு. நெட்டுக்குத்தா ஏதாவது இருக்குதா?" கனகாம்பாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நடுவுல என்னமோ மேலேர்ந்து எறங்குது?" "அது வேர்வைங்க, வெயில்ல நின்னுச்சு." அப்புறம்தான் மூச்சு விட்டார். நானும் விட்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நெற்றியைக் கொடுத்துக்கொண்டு நின்ற ஸ்ரீமதி, "ரெண்டு அம்மாவும் ஒரு நிமிஷம் அப்படியே இருங்க, இத எழுதிக்கறேன்" என்றாள்.

அண்ணன், இதற்கு மேல் எழுதப் போவதை அண்ணியிடம் படித்துக் காட்ட வேண்டாம். அன்றிலிருந்து நான் ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறேன். "ஆண்டவரே, இந்தப் பொண்ணு உம்ம பாத்து மயங்கிடாம நீரே பாத்துக்கும்" என்று தினமும் ஜெபித்தேன். ஏனென்றால் இவள் இங்கே மயங்கினால் அவள் அங்கே மயங்கிவிடுவாள் என்று என் மனசு கணக்குப் போட்டுவிட்டது. உலகமெல்லாம் போய்ப் போதியுங்கள் என்று சொன்னவரிடம், கொஞ்சம் ஒளிந்துகொள்ளும் என்று கேட்டவள் என்னைத் தவிர எவள் இருப்பாள்? மனசு உறுத்தி, தவக்காலப் பாவசங்கீர்த்தனத்தில் பாதரிடம் சொல்லிவிட்டேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "பாதர், இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேம்மா. எத்தன தடவ வேண்டுன?" "தெனமும், பாதர்." பிறகு இருமுகிற மாதிரி ஒரு சத்தம். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். "இதுக்குப் பிராயச்சித்தம் என்னன்னு எனக்கே தெரியலம்மா. யோசிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

இப்படி இருக்கையில் திங்கட்கிழமை பேராசிரியர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார். கனகாம்பாளை அன்றுதான் ஆற அமர நேரில் பார்த்தேன். என்னைவிடக் குள்ளம், என்னைவிட வேகம். நான் அறிவுக்குப் புது உத்தரியம் கொண்டு போயிருந்தேன், அவர் ஸ்ரீமதிக்குத் திருநீற்றுப் பொட்டலம். அந்தந்த அம்மாவே கொடுக்கட்டும் என்று நான் திருநீற்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன், அவர் உத்தரியத்தை வாங்கிக்கொண்டார். அந்தந்த அம்மா என்றால் யார் என்பதே எங்களுக்கு மாறிப்போய்விட்டது பாருங்கள். பேராசிரியர் இரண்டு அறிக்கையையும் மேசைமேல் வைத்தார். "இது ஸ்ரீமதி எழுதினது. ஒரு கிறிஸ்தவ இல்லத்தின் காலைப்பொழுது. ஆன்ட்டி எனக்குத் திருநீறு பூசினார், விளக்கேற்றச் சொன்னார், திருமுறைப் பாட்டில் ஒரு வரி விட்டுவிட்டேன் என்று திட்டினார். இது அறிவுமதி எழுதினது. ஒரு சைவ இல்லத்தின் மாலைப்பொழுது. முழுக்க ஜெபமாலை. அம்மா, ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுலயே இருந்திருந்தா இதவிடக் கொறைச்சலாத்தான் கும்பிட்டிருப்பாங்க!"

"பாக்கறத யாரு சார் வேணான்னா?" என்றார் கனகாம்பாள். "பாத்துட்டு பழையபடியே திரும்பி வரணும். அதுக்கு நீங்க கேரண்டி குடுங்க."

"கேரண்டி குடுக்க நான் என்னம்மா, மிக்ஸியா விக்கிறேன்?"

"மிக்ஸிக்கே ரெண்டு வருஷம் குடுக்கறான் சார்" என்றேன் நான். முதல் தடவையாக நானும் கனகாம்பாளும் ஒரே பக்கம் நின்றோம்.

பேராசிரியர் அசையவில்லை. இந்த அறிக்கைகள் செல்லாது, இன்னும் மூன்று வாரம் அந்தந்த வீட்டில் இருந்து ஒழுங்காகச் செய்ய வேண்டும், அம்மாக்கள் குறுக்கே நிற்க மாட்டோம் என்று சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், வருகிற திங்கட்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் இந்த வருஷம் டிகிரி கிடையாது என்று சொல்லிவிட்டார். வெளியே வராந்தாவில் அறிவு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்திருந்தாள், அண்ணன். இதுவரை அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அம்மா, ஒன்னே ஒன்னு சொல்லு. உனக்கு என் மேல நம்பிக்க இல்லையா, மாதா மேல நம்பிக்க இல்லையா?"

"ரெண்டு பேர் மேலயும் இருக்குதுடி. எனக்குச் சிதம்பரத்து மேலதான் பயம்."

பக்கத்தில் கனகாம்பாள், "எனக்குக் கடலூர் மேல" என்றார். பிள்ளைகள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அறிவு கையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கை இன்னும் லேசாக இருக்கிற மாதிரியே இருக்கிறது எனக்கு.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன். டிகிரி போனால் போகட்டும், பி.எட். படித்தால் போதும். நான் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். மாமா என்றால் அவளுக்கு உயிர். நீங்கள் இந்தக் கடிதம் கண்டதும் முழங்காலைப் பார்க்காமல் பஸ் ஏறி, ஞாயிற்றுக்கிழமைக்குள் சிதம்பரம் போய் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து என்னிடம் சேர்த்துவிட வேண்டும். ஸ்ரீமதியை நான் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறேன், நெற்றியில் மூன்று கோட்டோடு. இதில் மறுபேச்சு இல்லை. என் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

அண்ணிக்கு என் அன்பு. எல்லோரையும் சகாய மாதா தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. அவள் முந்தானையில் இடம் போதாவிட்டால் என்னை வெளியே தள்ளிவிட்டாவது அறிவை உள்ளே வைக்கட்டும்.

இப்படிக்கு, படபடப்போடு,
தங்கை ஜான்சி.

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு.

அண்ணன், நீங்கள் வர வேண்டாம். பையில் துணி எடுத்து வைத்திருந்தாலும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். இத்தனை பக்கம் எழுதியதைக் கிழித்துப்போட மனசு வராததால் அப்படியே அனுப்புகிறேன்.

நடந்தது இது. நேற்று கடிதத்தை மடிக்கும்போது ஸ்ரீமதி மாடியிலிருந்து இறங்கி வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நான் ஃபெயில் ஆனா பரவால்ல. ஆனா இத்தன நாள் உங்க வீட்டுல சாப்பிட்டிருக்கேன், நீங்க சாமி கும்பிடறத ஒரு தடவகூடப் பாக்கலயே" என்றாள். மடித்த கடிதத்தை அப்படியே கீழே வைத்தேன். கனகாம்பாளுக்குப் போன் போட்டேன். சோதித்துப் பார்க்க ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமை சாயந்திரம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், நான் கூட்டிப்போனால் அவரும் கூட்டிப்போவது என்று பேசி முடித்தோம். இன்றைக்குக் கோயில் படியில் நின்று நான், "உள்ள போறோம்" என்றேன். அவர் போனில், "நாங்களும் படி தாண்டறோம்" என்றார். அதன் பிறகு நான் ஜெபித்த ஜெபம் ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சிலுவைப்பாதை ஜெபம் முழுக்க ஸ்ரீமதி என்னோடு எழுந்தாள், முழங்கால்போட்டாள். பாதர் பிரசங்கம் ஆரம்பித்தார். என் தோளில் ஏதோ கனத்தது. மயங்கிவிட்டாள், போச்சு, எல்லாம் போச்சு என்று திரும்பிப் பார்க்கிறேன். தூங்குகிறாள் அண்ணன். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். மாதர் சங்கம் மொத்தமும் திரும்பிப் பார்க்கிறது. சவரியம்மாள், "ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே நம்ம ஆளுங்க மாதிரி ஆயிட்டாளே" என்கிறாள்.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தால் கனகாம்பாள் போன். "அறிவம்மா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பொண்ணு தீபாராதனைக்கு முன்னாடியே தூண்ல சாஞ்சு தூங்கிட்டா. யாரு வீட்டுப் பொண்ணுன்னு நாலு பேரு கேட்டாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சந்தோஷப்பட வேண்டியவள், கொதித்துப்போய்விட்டேன். ஒரு சாமி சந்நிதியில், ஊரே கைகூப்பி நிற்கும்போது, நான் பெற்ற பெண் தூங்குவதா? அப்படியா வளர்த்தேன்? அடுத்தவர் கும்பிடும் இடத்தில் மரியாதை வேண்டாமா? நான் ஸ்ரீமதி தூங்கியதைச் சொன்னதும் கனகாம்பாள், "என்னது, சாமியார் பேசறப்பவா? ஐயோ, என் மானமே போச்சே, என்னத்த வளத்திருக்காங்கன்னு நெனைச்சிருப்பாங்களே" என்று தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. இந்த லட்சணத்தில் இவர்கள் என்ன அறிக்கை எழுதிக் கிழிப்பார்கள்? பாடம் எங்கே தேறும்?

ஆகையால் இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு கனகாம்பாள் இங்கே வந்து ஸ்ரீமதி பக்கத்தில் உட்காருகிறார், கண் சொருகினால் தொடையில் கிள்ளுவதற்கு. நாளைக்கு நான் சிதம்பரம் போய் அறிவு பக்கத்தில் நிற்கிறேன். சீக்கிரம் வந்தால்தான் முன்வரிசை கிடைக்கும், பின்னால் நின்றால் ஒன்றும் தெரியாது என்று கனகாம்பாள் சொல்லியிருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டே நின்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூடினால் இவள் தூங்குவது தெரியாது. திறந்தால் எதிரே சந்நிதியில் இருப்பவர் தெரிவார். இன்னும் முடிவு செய்யவில்லை. எதற்கும் மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் பைக்குள் வைத்திருக்கிறேன்.